விருந்தாளியின் கூச்சம்: உணர்வுப் படைப்பாற்றல் என்றால் என்ன?

2020 ஏப்ரல் கடைசியில் மத்திய அரசு கொரோனா பரவலை வைத்து மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்துப் பட்டியல் போட்டபோது, தமிழ்நாட்டில் பச்சையாக இருந்த ஒரே மாவட்டம் எங்கள் கிருஷ்ணகிரிதான். கல்லூரியை மார்ச் நடுவிலேயே மூடியிருந்தார்கள். இருந்தாலும் அந்தப் பச்சையை நம்பி, ஜூனில் திறந்துவிடுவார்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம். மே முதல் வாரத்திலேயே தொற்று இங்கும் வந்துவிட்டது. ஆகஸ்டில் நான் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, செல்போனைப் புளி டப்பாவில் சாய்த்து வைத்து, இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர்களுக்கு வேதியியல் நடத்த ஆரம்பித்தேன்.

பட்டியலில் நாற்பத்திரண்டு பேர். வந்தவர்கள் பதினேழு. பதினேழும் கறுப்புக் கட்டம். கட்டத்துக்குள் பெயரின் முதல் எழுத்து மட்டும். “கேக்குதாப்பா?” என்றேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். யாரோ மைக்கைத் திறந்தார்கள். ஒரு சேவல் கூவியது. மைக் மூடிக்கொண்டது. அமிலத்தையும் காரத்தையும் சொட்டுச் சொட்டாகக் கலந்து அளவு காணும் டைட்ரேஷனைச் செய்வது எப்படி என்று அந்தக் கட்டங்களிடம் நாற்பத்தைந்து நிமிடம் பேசினேன். பியூரெட் இல்லை, பிப்பெட் இல்லை. கடைசிச் சொட்டில், காரம் பட்டால் நிறம் மாறும் பினாப்தலீன் சட்டென்று இளஞ்சிவப்பாகும்போது பிள்ளைகள் முகத்தில் வருமே ஒரு மலர்ச்சி, அதுவும் இல்லை. வகுப்பு முடிந்ததும் எனக்கு வந்தது கோபம்.

அந்தக் கோபம் இரண்டு மாதத்தில் வேறொன்றாக மாறியது. அது மாறிய பிறகுதான் நான் பாடம் நடத்தும் முறையும் மாறியது. வரிசை அதுதான்: முதலில் உணர்ச்சி, அப்புறம் வேலை. இந்த மாற்றத்துக்கு உளவியலில் உணர்வுப் படைப்பாற்றல் என்று பெயர். அதைப் பற்றி முதல்முறையாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக, குறிப்பாக ஆசிரியர்களுக்காக, இதை எழுதுகிறேன்.

படைப்பாற்றல் என்றதும் கவிதை, ஓவியம், பாட்டு என்று நினைப்போம். உணர்ச்சி என்றால் அது தானாக வருவது, தும்மல் மாதிரி. அதைப் படைக்க முடியுமா என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் ஏவெரில் என்ற உளவியலாளர் முடியும் என்றார். உணர்ச்சி உடம்பில் நடக்கிறது என்பது உண்மை. ஆனால் எந்த இடத்தில், யாரிடம், எந்த அளவுக்கு, எந்த வடிவத்தில் கோபப்படுவது, அழுவது, பெருமைப்படுவது என்பதையெல்லாம் மொழியைக் கற்றுக்கொள்வது போல நாம் சமூகத்திடமிருந்து கற்றுக்கொள்கிறோம் என்று 1980-லேயே எழுதினார். கற்றுக்கொண்ட ஒன்றைக் கொண்டு புதிதாகவும் ஒன்றைச் செய்ய முடியும். தெரிந்த சொற்களை வைத்து இதுவரை யாரும் சொல்லாத ஒரு வாக்கியத்தைச் சொல்கிறோம் அல்லவா, அப்படி.

இதை ஏற்பது கஷ்டமாக இருந்தால், ஒப்பாரியை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பாட்டிகளுக்கு மெட்டு பழையது. மார்பில் அடித்துக்கொள்ளும் தாளம் பழையது. “என்னப் பெத்த ராசா” என்று எடுக்கும் எடுப்பும் பழையதுதான். ஆனால் நல்லாப் பாடத் தெரிந்த பாட்டி, செத்துப்போனவர் ஓட்டிய டிவிஎஸ் 50-யையும், அவர் நட்ட மாங்கன்றையும், பேரப்பிள்ளைக்கு வாங்கி வருவதாகச் சொல்லி வாங்காமலே போன செருப்பையும் அந்த மெட்டுக்குள் அந்த நிமிடமே கொண்டுவந்துவிடுவார். அதைக் கேட்ட பிறகுதான் வீட்டில் அதுவரை அழாதவர்கள் அழுவார்கள். துக்கம் ஏற்கெனவே இருந்தது. அதற்கு இந்தச் சாவுக்கு மட்டுமே பொருந்துகிற உருவத்தை ஒருவர் செய்து கொடுத்தார். என்னைக் கேட்டால் உணர்வுப் படைப்பாற்றலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

ஒரு உணர்ச்சியைப் படைப்பு என்று சொல்ல மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் ஏவெரில். அது புதியதாக இருக்க வேண்டும். உலகத்துக்கே இல்லாவிட்டாலும் அந்த ஆளுக்காவது புதிது. பயன் தர வேண்டும், அதாவது அவருக்கோ சுற்றி இருப்பவர்களுக்கோ ஒரு வழி திறக்க வேண்டும். உண்மையாக இருக்க வேண்டும், அதாவது அவருடைய சொந்த நெஞ்சிலிருந்து வர வேண்டும். இரவல் வாங்கியதாக இருக்கக் கூடாது. இந்த மூன்றுக்கும் முன்னால் ஆயத்தம் என்று ஒன்று இருக்கிறது. தன் உணர்ச்சிகளையும் பிறர் உணர்ச்சிகளையும் யோசித்துப் பார்க்கிற பழக்கம் அது. 1999-ல் இதை அளப்பதற்கு 30 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாப்பட்டியலை அவர் வெளியிட்டார். இன்றும் பல நாடுகளில் இந்தத் துறை ஆய்வுகளுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன்.

முதல் மூன்று வாரம் நான் செய்தது நடிப்பு. உள்ளே எரிச்சல், வெளியே சிரித்த முகம், “குட் மார்னிங் ஸ்டூடன்ட்ஸ்” என்று உற்சாகக் குரல். சம்பளத்துக்காக உணர்ச்சியைக் காட்டவோ மறைக்கவோ வேண்டிய இந்த வேலைக்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர் வைத்தவர் ஆர்லி ஹாக்‌ஷில்டு என்ற சமூகவியலாளர். விமானப் பணிப்பெண்களைக் கவனித்து 1983-ல் அதைப் பற்றி எழுதினார். உள்ளே ஒன்றும் மாறாமல் முகத்தை மட்டும் மாற்றுவதை மேல்பூச்சு நடிப்பு என்றார். அது ஆளை வெகுவாகக் களைப்பாக்கும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. எனக்கு அது ஆய்வு படித்துத் தெரியவில்லை. மதியம் ஒரு மணிக்கு வகுப்பு முடிந்தால் மூன்று மணி வரை யாரோடும் பேசப் பிடிக்காது. சாதம் போட்டுக்கொள்ளக்கூட எழ முடியாது. அப்படித்தான் தெரிந்தது.

நான்காவது வாரம், அட்டெண்டன்ஸ் குறைந்தவர்களுக்கு இன்டர்னல் மார்க் குறையும் என்று குரூப்பில் கொஞ்சம் கடுமையாக எழுதினேன். அன்று ராத்திரி பத்து மணிக்கு ராயக்கோட்டைப் பக்கத்து மாணவன் ஒருவன் குரல் பதிவு அனுப்பினான். “மேடம், காலைல தக்காளி பறிக்கப் போயிட்டேன் மேடம். பெட்டி ஏத்திட்டு வர்றதுக்குள்ள கிளாஸ் முடிஞ்சிருச்சு. நெட்டும் நைட்டு பன்னெண்டு மணிக்குத்தான் மறுபடி ஸ்பீடா வரும். ஸாரி மேடம்.” பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம். ஒரு குழந்தை அழுகை. அவன் குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். வீட்டில் தூங்குகிறார்கள் போலிருக்கிறது. அடுத்த நாள் ஒரு மாணவி தனியாக எழுதினாள்: ஓசூர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து அப்பா தூங்கும் ஒரே அறையில்தான் அவளும் உட்கார வேண்டும், வீடியோ போட்டால் அவர் படுத்திருப்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த இரண்டு செய்தியையும் பலமுறை கேட்டேன், படித்தேன். என்ன உணர்கிறேன் என்று ஒரு பழைய டைரியில் எழுதிப் பார்த்தேன். கோபம் இன்னும் கொஞ்சம் இருந்தது. குற்ற உணர்வு இருந்தது. அந்தப் பையன்மேல் ஒரு மரியாதை இருந்தது. நம் பழைய இலக்கணம் மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சிகளை, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டாக எண்ணி வைத்திருக்கிறது. என்னிடம் இருந்தது எட்டில் எதிலும் முழுசாக அடங்கவில்லை. இரண்டு மூன்று ராத்திரி எழுதி அடித்த பிறகு ஒரு வரி வந்தது: “கூப்பிடாமல் ஒருத்தர் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறது.”

அதுதான் விஷயம். கல்லூரியில் பிள்ளைகள் என் அறைக்கு வருகிறார்கள். தாமதமாக வந்தால் நான் கோபப்படலாம். அந்தக் கோபத்துக்கு அங்கே இடம் உண்டு, வழக்கம் உண்டு. ஆன்லைன் கிளாஸில் நான்தான் அவர்கள் வீட்டுக்குள் போகிறேன். அப்பா தூங்கும் அறைக்குள், பாத்திரம் தேய்க்கும் இடத்துக்குள். அங்கே போய் ஆசிரியர் கோபத்தைக் காட்டுவது, விருந்துக்குப் போன வீட்டில் அதிகாரம் பண்ணுவது போல. நான் உணர வேண்டியது விருந்தாளியின் கூச்சம். செருப்பை வாசலில் விடும்போது வருகிற அந்த அடக்கம்.

இந்தக் கூச்சத்தை ஏவெரிலின் அளவுகோலில் வைத்துப் பாருங்கள். பதினாறு வருடம் பாடம் நடத்தியதில் மாணவர்களிடம் எனக்கு இப்படி ஒரு உணர்வு வந்ததே இல்லை, ஆகவே புதிது. இரவல் இல்லை. அடுத்தவர் வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று என் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தது அது, ஆகவே என்னுடையது. பயன் என்ன என்பதை இனிமேல் சொல்கிறேன்.

அதற்கு முன், எல்லோரும் குழப்பிக்கொள்ளும் ஒரு இடம் இருக்கிறது. உணர்வு நுண்ணறிவு என்று ஒன்றை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இருவர் 1990-ல் அதை வரையறுத்தார்கள். டேனியல் கோல்மன் 1995-ல் உலகம் முழுக்கப் பரப்பினார். இப்போது எந்தப் பயிலரங்குக்குப் போனாலும் அந்தப் பேச்சுத்தான். அது எதிரில் இருப்பவர் உணர்ச்சியைச் சரியாகப் படிப்பது, நம் உணர்ச்சியைச் சரியாகக் கையாள்வது பற்றியது. “சரியாக” என்ற சொல் அங்கே முக்கியம். பதில் ஏற்கெனவே இருக்கிறது, நாம் கண்டுபிடிக்கிறோம். உணர்வுப் படைப்பாற்றலில் பதில் இன்னும் இல்லை; நாம் உண்டாக்க வேண்டும். 2007-ல் ஸோரானா இவ்செவிச்சும் மார்க் பிராக்கெட்டும் ஜான் மேயரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, இரண்டும் வேறு வேறு திறன்கள் என்று காட்டியது. ஒன்றில் கெட்டிக்காரர் இன்னொன்றிலும் கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்று இல்லை. பழக்கப்பட்ட நிலைமைக்கு நுண்ணறிவு போதும். பழக்கமே இல்லாத நெருக்கடி வரும்போதுதான் இரண்டாவதன் தேவை தெரிகிறது.

இப்போது பயன். பள்ளியில் தகவமைப்பு என்று படித்திருப்போம். கள்ளிச்செடியின் இலை முள்ளாவது. வேலையிலும் தகவமைப்பு உண்டு. தொழில் உளவியலில் மார்க் சவிக்காஸ் என்பவர் அதை நாலாகப் பிரிக்கிறார்: வரப்போவதைப் பற்றிய அக்கறை, கட்டுப்பாடு நம் கையில் இருக்கிறது என்ற எண்ணம், வேறு வழி உண்டா என்று தேடும் ஆர்வம், செய்துவிடலாம் என்ற நம்பிக்கை. நெருக்கடிக் காலத்தில் ஆசிரியர்களின் தகவமைப்பு என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் கூகுள் மீட் கற்றுக்கொண்டதையும் பிபிடி போட்டதையும்தான் பேசுகிறார்கள். மீட்டை ஒரு வாரத்தில் நானும் கற்றுக்கொண்டேன். ஆனாலும் கறுப்புக் கட்டம் கறுப்புக் கட்டமாகத்தான் இருந்தது.

விருந்தாளி என்று உணர்ந்த பிறகு செய்ய வேண்டியவை தாமாகத் தெரிந்தன. விருந்தாளி அவர்களுக்கு வசதியான நேரத்தில் போவார்; நேரலையைப் பாதியாகக் குறைத்து, ஆறு ஏழு நிமிட ஆடியோவாகப் பாடத்தைப் பிரித்து அனுப்பினேன். ஆடியோவுக்கு டேட்டாவும் கொஞ்சம்தான். வீடியோ போடச் சொல்லி ஒருபோதும் கேட்கவில்லை. முக்கியமாக, நல்ல விருந்தாளி வீட்டில் இருப்பதைக் கொண்டு திருப்திப்படுவார். லேப் இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்த எனக்கு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு லேப் இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

ஆரத்தி கரைப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தண்ணீரில் மஞ்சள்தூள், அதில் கொஞ்சம் சுண்ணாம்பு. கைபட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பாகிறது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தில் நிறம் மாறுவதுதான் காரணம். பினாப்தலீன் செய்யும் அதே வேலை. “வீட்டில் ஆரத்தி கரைத்து, அதில் புளிப்பான ஏதாவது ஒன்றைக் கரண்டி கரண்டியாக விடுங்கள். சிவப்பு மறுபடி மஞ்சளாக எத்தனை கரண்டி ஆகிறது என்று எண்ணி எழுதி அனுப்புங்கள்” என்று ஒரு ஆடியோ போட்டேன்.

இரண்டு நாளில் முப்பத்தொரு பேர் அனுப்பினார்கள். கீறல் விழுந்த எவர்சில்வர் தட்டில், வாசல் திண்ணையில், மாட்டுக் கொட்டகை ஓரத்தில் எடுத்த படங்கள். வீடியோ போடக் கூச்சப்பட்ட மாணவி, தூங்கி எழுந்த அப்பாவையே தட்டைப் பிடிக்கச் சொல்லி எடுத்திருந்தாள். எலுமிச்சை, புளித்தண்ணீர், மோர் என்று ஆளுக்கொன்று. ராயக்கோட்டைப் பையன் சுண்ணாம்புக்குப் பதில் அடுப்புச் சாம்பலைக் கரைத்து வடிகட்டியிருந்தான். சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருப்பதால் அதுவும் காரம்தான், அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. புளிப்புக்குத் தக்காளிச் சாறு. “மேடம், நாட்டுத் தக்காளிக்கு ஒன்பது கரண்டி. ஹைப்ரிட்டுக்குப் பதினாலு. நாட்டுத் தக்காளிதான் புளிப்பு ஜாஸ்தி” என்று குரல் பதிவு. இந்தமுறை அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

மறைக்க வேண்டிய இடமாக இருந்த வீடு, காட்ட வேண்டிய இடமாக ஆனது. மாணவர்கள் பக்கமும் ஒரு உணர்ச்சி மாறியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எல்லோருக்கும் விருந்தாளி உணர்வுதான் வர வேண்டும் என்பதில்லை. தர்மபுரியில் கணக்கு நடத்தும் நண்பர் ஒருவர், டவரே எட்டாத மலைக் கிராமப் பிள்ளைகளை நினைத்துத் தவித்தார். வகுப்பு நன்றாக நடந்த நாளில்தான் அவருக்குத் தூக்கம் வராது. வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள், வராதவர்கள் இன்னும் பின்தங்கினார்கள் என்று. தன்னைத் தெருக்குழாய்க்குத் தண்ணீர் திறந்துவிடும் ஆளாக நினைத்துக்கொண்ட பிறகு அவருக்கு வழி தெரிந்ததாம். “மேட்டுத் தெருவுக்குத் தண்ணி ஏறலைன்னா மோட்டாரைத் திட்டிட்டு உக்காரக் கூடாதுங்க, முறை வச்சு லாரியிலயாவது அனுப்பணும்” என்றார். கையால் எழுதிய நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து, மலையடிவாரம் வரை போகும் பால் வண்டியில் கொடுத்தனுப்பினார். விடைத்தாள்கள் அதே வண்டியில் இறங்கி வந்தன. என்னுடையது கூச்சம், அவருடையது முறை தவறக் கூடாது என்ற பதைப்பு. உணர்ச்சி வேறு என்பதால் செய்த வேலையும் வேறு.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கருத்தை ஆசிரியர்மேல் சுமத்தும் இன்னொரு மூட்டையாக ஆக்கிவிடக் கூடாது. ஆண்டுக்குப் பதினோரு மாதச் சம்பளம் மட்டும் வாங்கும் கௌரவ விரிவுரையாளரிடமும், ஊரடங்கில் பாதிச் சம்பளம் வந்த தனியார் கல்லூரி ஆசிரியரிடமும் போய், உங்கள் உணர்ச்சியைப் புதிதாகப் படைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது அநியாயம். அவர்கள் கோபம் சரியான கோபம். அதை மாற்ற வேண்டியதில்லை, தீர்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி டேட்டாவை 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இலவசமாகத் தந்தது. அது என் வகுப்பில் நிஜமான மாற்றத்தைக் கொண்டுவந்தது. டவர் இல்லாத ஊருக்கு அதுவும் போதவில்லை. ஆசிரியரின் மனசு எவ்வளவு வளைந்தாலும் டவர் நட முடியாது.

இதைப் பழக முடியுமா என்று கேட்டால், ஆயத்தம் என்ற பகுதியை நிச்சயமாகப் பழகலாம். ஏவெரிலின் ஆய்வுகளில் ஒரு பயிற்சி வரும்: ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று உணர்ச்சிகளைக் கொடுத்து, மூன்றும் ஒரே நேரத்தில் கலந்து வரும் ஒரு அனுபவத்தை எழுதச் சொல்வார்கள். நிம்மதி, பொறாமை, நன்றி மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாணவன் உங்களைவிடப் பெரிய வேலைக்குப் போன நாளை நினைத்தால் மூன்றுமே அதில் இருக்கும். அதை ஐந்து வரி எழுதிப் பாருங்கள். “மனசு சரியில்லை” என்ற ஒரே சொல்லால் மூடி வைத்திருப்பதற்குள் எத்தனை இருக்கிறது என்று தெரியும்.

2021 பிப்ரவரி 8 அன்று இரண்டாம் ஆண்டு மாணவர்கள் திரும்பக் கல்லூரிக்கு வந்தார்கள். முகக்கவசத்தோடு, ஒரு மேசைக்கு இரண்டு பேராக லேபில் நின்றார்கள். ராயக்கோட்டைப் பையனை அப்போதுதான் நேரில் பார்த்தேன். குரலை வைத்து உயரமாக இருப்பான் என்று நினைத்திருந்தேன், என் தோள் உயரம்தான். பியூரெட்டைத் திருகிச் சொட்டுச் சொட்டாக விட்டான். கடைசிச் சொட்டில் குடுவை இளஞ்சிவப்பானது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். காற்றில் இருக்கும் கரியமில வாயு பட்டு அந்த நிறம் மெல்ல வெளுக்க ஆரம்பித்தது.

“மேடம், ஆரத்தி இவ்வளவு சீக்கிரம் வெளுக்கலையே?”

ஏன் என்று அவனையே கண்டுபிடிக்கச் சொன்னேன். அடுத்த நாள் வீட்டிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் மஞ்சள்தூளும், காகிதப் பொட்டலத்தில் சாம்பலும் கொண்டுவந்தான். அந்த பாட்டில் இன்னும் எங்கள் லேப் அலமாரியில், பினாப்தலீன் பக்கத்தில் இருக்கிறது. லேபிளில் அவன் கையெழுத்து.